அன்றாடக் கடமைகளுக்கு நடுவே ஆத்ம விசாரம் நிலைபெறுமா?

கேள்வி: அகமுகன்

அனைவருக்கும் வணக்கம். சில காலமாக வேதாந்த நூல்களைப் பயின்று வருகிறேன். காலையில் சிறிது நேரம் அமர்ந்து 'நான் யார்' என்ற விசாரத்தில் ஈடுபடுவதும் உண்டு. அமர்ந்திருக்கும் வரையில் ஓரளவு தெளிவு இருக்கிறது. எழுந்து வேலைக்குச் சென்ற பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது.

எதிலும் ஒட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும் சாட்சியாக இருக்க வேண்டும் என்று படித்ததால், பிறரோடு பேசும்போதும் கணக்குப் பார்க்கும்போதும் என்னையே நான் கவனித்துக்கொண்டிருக்க முயல்கிறேன். அப்போது எதிரில் இருப்பவர் சொல்வதில் பாதிதான் காதில் விழுகிறது. 'நீங்கள் எங்களோடு இருந்தும் இல்லாதவர்போல் இருக்கிறீர்கள்' என்று மனைவி வருத்தப்படுகிறார். எனக்குள் வளர்வது பற்றின்மையா, வெறும் அக்கறையின்மையா என்று பிரித்தறிய முடியவில்லை.

இதனோடு இன்னோர் ஐயமும் சேர்ந்துகொள்கிறது. ஆத்மா எதையும் செய்வதில்லை என்றால், வீட்டிலும் வேலையிலும் நான் எடுக்கும் முடிவுகளுக்கு யார் பொறுப்பு? ஜனகர் அரியணையில் இருந்துகொண்டே ஞானம் பெற்றார் என்கிறார்கள். ஆனால் அவருக்கு உபதேசித்த யாக்ஞவல்க்கியர் வீட்டையும் செல்வத்தையும் விட்டுப் புறப்பட்டுப் போகிறார். ஒரே பிருகதாரண்யக உபநிடதத்தில் இரண்டும் இருக்கின்றன. எங்களைப் போன்றவர்கள் யாரைப் பின்பற்றுவது?

மறுமொழி: வேதாந்த வாசகர்

அன்புள்ள நண்பருக்கு வணக்கம். சாட்சியைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதைத்தான் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். மற்றக் குழப்பங்களில் பெரும்பகுதி அங்கிருந்தே கிளைக்கிறது என்பது என் எண்ணம்.

நீங்கள் பேசிக்கொண்டிருக்கையில் உங்களைக் கவனிப்பது எது என்று பாருங்கள். அது மனத்தின் ஒரு விருத்தியே, அதாவது மனத்தில் எழும் ஓர் அசைவே. 'நான் இப்போது கவனித்துக்கொண்டிருக்கிறேன்' என்பதும் ஓர் எண்ணம்தான்; அது தோன்றுகிறது, சற்று நேரத்தில் களைக்கிறது, பிறகு மறைகிறது. தோன்றி மறைவது எதுவாயினும் அது அறியப்படும் பொருளே அன்றி அறிபவன் ஆகாது. பிருகதாரண்யகத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் உஷஸ்தர் என்பவர் ஆத்மாவை நேரடியாக எடுத்துக் காட்டுமாறு வற்புறுத்தும்போது, பார்வையைப் பார்ப்பவனை உன்னால் பார்க்க இயலாது என்று யாக்ஞவல்க்கியர் விடையளிக்கிறார். ஆகவே மனத்தாலேயே சாட்சி என்று ஒன்றை உண்டாக்கி அதை நாள் முழுவதும் காவலுக்கு நிறுத்திவைப்பது, வேதாந்தம் சொல்லும் சாட்சித் தன்மை அன்று. ஒரே மனம் வேலையையும் காவலையும் சேர்த்துச் சுமக்க நேர்வதால்தான் எதிரில் இருப்பவரின் பேச்சு உங்கள் காதில் பாதியாக விழுகிறது.

கேனோபநிடதம் 'பிரதிபோத விதிதம்' என்கிறது. மனத்தில் நிகழும் ஒவ்வோர் அறிவிலும் அதற்கு ஒளியாக நின்று ஆத்மா அறியப்படுகிறது என்று சங்கரர் இதற்குப் பொருள் காண்கிறார். ஒருவர் பேசுகிறார்; சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறுகின்றன; பொருள் புரிகிறது அல்லது புரியவில்லை; மகிழ்ச்சியோ சலிப்போ எழுகிறது. இவை அத்தனையும் தெரிகின்றன அல்லவா, அந்தத் தெரிதல் எங்கும் வந்துபோகவில்லை. அதை அடைவதற்குப் பேச்சிலிருந்து விலகி நிற்க வேண்டிய தேவையே இல்லை. முழுக் கவனத்தோடு கேட்டால் அது குறைந்துவிடாது. கேட்காமல் இருந்தால் கூடிவிடவும் செய்யாது.

அப்படியானால் பகலில் விசாரத்துக்கு இடம் எங்கே என்று கேட்பீர்கள். ஒரு கூட்டத்தில் நீங்கள் தயாரித்த அறிக்கையை ஒருவர் குறை கூறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் முகம் சூடேறுகிறது, தாடை இறுகுகிறது, மறுமொழி நாக்கு நுனிக்கு வந்து நிற்கிறது. குறை சொல்லப்பட்டது தாளில் இருந்த ஓர் எண்ணைப் பற்றி. வலி எழுந்ததோ 'எனக்கு'. அமைதியாக அமர்ந்திருக்கும் காலை வேளையில் இந்த 'எனக்கு' மிக நுண்ணியதாக இருப்பதால் பிடிபடுவதே கடினம். இங்கே அது முழு உருவத்தோடு எழுந்து நிற்கிறது. எழும் எண்ணங்களைப் பூர்த்தி செய்யப் போகாமல், அவை யாருக்கு உண்டாயின என்று விசாரிக்க வேண்டும் என்பது ரமணர் 'நான் யார்?' நூலில் கூறும் வழி. அதற்கு நீண்ட நேரம் வேண்டியதில்லை; பதில் சொல்லும் முன் எடுக்கும் ஒரு மூச்சே போதும். அதன் பிறகு தாளில் உள்ள எண் தவறாக இருந்தால் திருத்துங்கள், சரியாக இருந்தால் சரி என்று சொல்லுங்கள்.

முடிவெடுக்கும் பொறுப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கீதையின் ஐந்தாம் அத்தியாயம் பார்த்தல், கேட்டல், உண்ணல், நடத்தல், பேசுதல், கண்ணை மூடித் திறத்தல் வரை வரிசையாகச் சொல்லி, இவை நடக்கும்போதே 'நான் ஒன்றும் செய்வதில்லை' என்று தத்துவம் அறிந்தவன் உணர்வதாகக் கூறுகிறது. அது ஆத்மாவைப் பற்றிய கூற்று. அகங்காரம் அதைத் தனக்கு எடுத்துக்கொண்டால் கடமையைத் தட்டிக்கழிக்கும் சாக்காக அது மாறிவிடும். முடிவெடுப்பது புத்தியின் தொழில். அதைப் புத்தி செம்மையாகச் செய்ய வேண்டும். கண்ணன் உபதேசத்தை முடிக்கும் தறுவாயில்கூட, இதை முழுமையாக ஆராய்ந்து நீ விரும்பியபடி செய் என்றுதான் அர்ஜுனனிடம் சொல்கிறான்.

ஒன்றை மட்டும் வற்புறுத்த விரும்புகிறேன். வேலையே விசாரம் ஆகிவிடும் என்று எண்ணிக் காலையில் அமர்வதைக் கைவிட்டுவிடாதீர்கள். கர்மமும் ஞானமும் கைகோத்து முக்தி தரும் என்ற கொள்கையைச் சங்கரர் பல இடங்களில் மறுத்திருக்கிறார். பலன் கருதாமல் செய்யும் கடமை சித்தத்தைத் தூய்மையாக்கும். ஆனால் அறியாமையை அகற்றுவது அறிவு மட்டுமே. அதற்குச் சிரவணமும் (உபதேசத்தைக் கேட்டல்) மனனமும் (ஆராய்ந்து சிந்தித்தல்) நிதித்தியாசனமும் (அதிலேயே ஆழ்ந்து நிற்றல்) வேண்டும்.

மறுமொழி: மெய்கண்ட நெறி

மேலே உள்ள மறுமொழி, ஆத்மாவும் பிரம்மமும் ஒன்றே எனக் கொள்ளும் அத்வைத நிலையில் நின்று தெளிவாக எழுதப்பட்டுள்ளது. சைவ சித்தாந்த மரபில் வந்தவன் என்ற முறையில், மாறுபடும் ஓர் இடத்தைப் பதிவு செய்கிறேன்.

எங்கள் நெறியில் உயிர் என்பது எதையும் சாராமல் தனித்து நிற்கும் அறிவு அன்று. அது எதைச் சார்கிறதோ அதன் தன்மையை அடைவது. சார்ந்ததன் வண்ணமாதல் என்று இதைச் சொல்வார்கள். அந்த நோக்கில் உங்கள் சிக்கலைப் பார்த்தால், 'விலகி நிற்கும் நான்' என்ற ஒன்றையே நீங்கள் சார்ந்து நின்று, மெல்ல மெல்ல அதன் குளிர்ச்சியை ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. உலகப் பொருளைச் சார்வது எவ்வாறு பந்தமோ, அவ்வாறே தன்னைத் தானே சார்ந்து இறுகுவதும் ஆணவத்தின் பிடிதான்.

எங்கள் மரபின் அடிப்படை நூலான, 12 சூத்திரங்களே கொண்ட சிவஞானபோதத்தின் பத்தாம் சூத்திரம் 'ஏகனாகி இறைபணி நிற்க' என்று வழிகாட்டுகிறது. இறைவனோடு ஒன்றி நிற்பதும் பணியில் நிற்பதும் ஒரே அடியில் அருகருகே வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். தன் செயலை அவன் செயலாகக் கண்டு பணியில் நிற்பவனுக்கு ஆணவம் என்னும் மலமும் மாயையும் வினையும் இல்லாமல் போகின்றன என்பது அந்தச் சூத்திரத்தின் கருத்து. நோயுற்றவரைக் கவனிப்பதும், ஒப்புக்கொண்ட வேலையைக் குறையின்றி முடிப்பதும் இந்த மனநிலையில் நிகழும்போது, நான் செய்கிறேன் என்ற முனைப்பைக் கழற்ற தனியாக முயல வேண்டியிருக்காது. அத்வைதிகள் இதைச் சித்த சுத்தி (மனத் தூய்மை) என்று ஒரு படியாக வைப்பார்கள். நாங்கள் அதை முடிவு வரை தொடரும் நெறியாகவே கொள்கிறோம்.

கேள்வி கேட்டவர்: அகமுகன்

இருவருக்கும் நன்றி. சாட்சி என்று நான் பிடித்துக்கொண்டிருந்ததும் ஓர் எண்ணமே என்ற விளக்கம் பெரிய தெளிவைத் தந்தது. சார்ந்ததன் வண்ணமாதல் என்ற கருத்தை இனித்தான் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும்.

ஆனால் குடும்பத்தைப் பற்றிய கேள்வி இன்னும் தீரவில்லை. கணவனுக்காகக் கணவன் அன்புக்குரியவன் ஆவதில்லை, ஆத்மாவுக்காகவே ஆகிறான் என்று தம் மனைவி மைத்ரேயிக்கு யாக்ஞவல்க்கியர் சொல்கிறார். மனைவியைப் பற்றியும் மக்களைப் பற்றியும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறார். எவ்வளவு முயன்றாலும் இந்தப் பகுதி எனக்குத் தன்னலத்தின் இலக்கணமாகவே ஒலிக்கிறது.

மறுமொழி: இல்லறப் பயணி

ஐயா, அந்தப் பகுதியில் 'ஆத்மா' என்பதை இந்த உடம்புக்குரிய தனி ஆள் என்று எடுத்துக்கொண்டால் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் அந்த உபதேசம் அதோடு நிற்கவில்லை. எல்லா உயிர்களையும் எல்லா உலகங்களையும் ஆத்மாவுக்கு வேறாகக் காண்பவனை அவை கைவிட்டுவிடும் என்று அடுத்து வருகிறது. எனவே மனைவியிடத்தில் நீங்கள் உணரும் அன்பு, உங்களிடம் இருப்பதும் அவரிடம் இருப்பதும் ஒன்றே என்பதன் வெளிப்பாடு. அதை அறிந்தவனுக்கு அன்பு குறைய வழியில்லை. குறைவது 'இவர் எனக்கு இப்படி இருக்க வேண்டும்' என்ற கட்டளைதான். பற்றின்மையையும் அக்கறையின்மையையும் பிரித்தறியும் வழி கேட்டிருந்தீர்கள். பற்று விலகிய இடத்தில் மற்றவரின் துன்பம் முன்பைவிடத் தெளிவாகத் தெரியத் தொடங்கும். அக்கறை விலகிய இடத்தில் அது கண்ணில் படாமலே போகும். உங்கள் மனைவியின் வருத்தம் உங்களை இவ்வளவு நீண்ட கடிதம் எழுத வைத்திருக்கிறது. இதைக் கொண்டு நான் நம்பிக்கை கொள்கிறேன்.

ஜனகரா யாக்ஞவல்க்கியரா என்ற கேள்விக்கு, யோகவாசிட்டத்தில் வரும் சூடாலையின் கதையை ஒருமுறை படித்துப் பாருங்கள். இந்தத் திரியில் இதுவரை யாரும் அதைக் குறிப்பிடாதது எனக்கு வியப்பாக இருக்கிறது. அரசி சூடாலை அரண்மனையில் இருந்தபடியே உடல், புலன், மனம் என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து தன்னை அறிகிறாள். கணவன் சிகித்துவசன் அவள் சொல்லை மதிக்காமல் நாட்டைத் துறந்து காட்டுக்குப் போகிறான். அவள் கும்பன் என்ற இளைஞனாக உருமாறி அவனிடம் சென்று, நீ இன்னும் எதையும் துறக்கவில்லை என்கிறாள். அவன் தன் குடிலையும் தண்டத்தையும் மான்தோலையும் செபமாலையையும் தீயில் இடுகிறான். அதன் பிறகும் துறவு நிறைவடையவில்லை என்று கேட்டு உடலையே விட எழும்போது அவள் தடுக்கிறாள். உடல் எந்தக் குற்றமும் செய்யவில்லை, துறக்க வேண்டியது சித்தத்தை என்கிறாள். தன்னை அறிந்த பின் அவன் நாட்டுக்குத் திரும்பி அவளோடு அரசாள்கிறான்.

யாக்ஞவல்க்கியரின் துறவை இந்தக் கதை தாழ்த்தவில்லை. வீட்டை விடுவதற்கு உள்ளிருந்து உந்துதல் உள்ளவர் விடலாம். அத்தகைய உந்துதல் இல்லாதவர், வீட்டில் இருப்பதைத் தடை என்று எண்ணி நொந்துகொள்ளத் தேவையில்லை. நான் இல்லறத்தான் என்ற எண்ணத்தை விட்டுத் துறவி என்ற எண்ணத்தைப் பிடித்துக்கொண்டால், தொல்லை தரும் மனம் கூடவேதான் வரும் என்று ரமணரும் தம்மிடம் கேட்டவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். சாந்தோக்கியம் தன் கடைசிப் பகுதியில், குருகுலம் முடித்துத் திரும்பி, குடும்பத்தில் நிலைத்து, தூய இடத்தில் மறை ஓதி, புலன்களை ஆத்மாவில் ஒடுக்கி, எவ்வுயிருக்கும் தீங்கு செய்யாமல் வாழ்பவன் மீண்டும் திரும்பி வருவதில்லை என்று கூறி முடிகிறது.

சூடாலையின் கதையைத் தமிழில் படிக்க வீரை ஆளவந்தாரின் ஞானவாசிட்டம் இருக்கிறது. செய்யுள் கடினமாகத் தோன்றினால் உரையோடு கூடிய பதிப்பைத் தேடிப் பாருங்கள். விசார முறையைப் படிப்படியாகத் தெரிந்துகொள்ளக் கைவல்ய நவநீதம் எளிது. அதன் இரண்டாம் பகுதி முழுவதும் சீடனின் ஐயங்களுக்கே ஒதுக்கப்பட்டது. இயன்றால் மாலையில் உங்கள் மனைவியோடு சேர்ந்து படியுங்கள்.