200 மணி நேர யோகா ஆசிரியர் பயிற்சி முடிந்தது, சொந்த சாதகம் (எனக்காக நான் செய்யும் அன்றாடப் பயிற்சி) படுத்துவிட்டது. என்ன செய்யலாம்?

புதுப்பாய்:
பயிற்சி முடித்து வாரம் நான்கு வகுப்பு எடுக்கிறேன். பயிற்சிக் காலத்தில் இருந்த தெளிவும் ஒழுங்கும் இப்போது இல்லை. பாயில் நின்றாலே அடுத்த வகுப்புக்கான ஆசன வரிசைதான் மனதில் ஓடுகிறது. வகுப்பிலோ நிறுத்தாமல் பேசுகிறேன். முன்னே குனியும் ஆசனங்களில் பிட்டத்தின் அடியெலும்பை ஒட்டி ஒரு வலி வேறு. சான்றிதழ் கைக்கு வந்த பிறகு உள்ளுக்குள் வளர்வது எப்படி? பொதுவான அறிவுரையாக இல்லாமல், நாளைக்கே செய்துபார்க்கும்படி சொல்லுங்கள்.

மூச்சுக்கணக்கு:
வணக்கம். அந்த 200 மணி நேரம் எதில் போனது என்று முதலில் பாருங்கள். யோகா பள்ளிகளைப் பதிவு செய்யும் அமைப்பான யோகா அலையன்ஸ் வரையறைப்படி ஆசனம், பிராணாயாமம், தியானம் எல்லாம் சேர்ந்தே குறைந்தது 75 மணி. உடற்கூறியல் 30, வரலாறும் தத்துவமும் நெறியும் 30, கற்பிக்கும் திறன் சார்ந்தவை 50. ஆக, தெளிவு முழுக்க ஆசனத்திலிருந்து வந்ததல்ல. நேரத்தை வேறொருவர் குறித்துத் தந்தார், பக்கத்தில் நின்று ஒருவர் குறை சொன்னார். இந்த இரண்டையும் இனி நீங்களேதான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

சாதகத்தையும் வகுப்புத் தயாரிப்பையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். சாதகத்துக்கு 30 நிமிடம் போதும், ஆனால் நான்கு வாரம் வரிசை மாறக் கூடாது. சூரிய நமஸ்காரம் 6 சுற்று, நின்று செய்பவை மூன்று, ஒரு முறுக்கு, ஒரு பின்வளைவு, சவாசனம் 5 நிமிடம், மூச்சு 5 நிமிடம். அடுத்து என்ன என்ற யோசனை இல்லாதபோதுதான் நேற்றைக்கும் இன்றைக்கும் இடுப்பில், மூச்சில் என்ன வித்தியாசம் என்பது பிடிபடும். நடுவில் வகுப்புக்கு நல்ல யோசனை வந்தால் எழுந்து குறித்துவைக்க வேண்டாம். தேவையானது சாயங்காலமும் நினைவுக்கு வரும்.

மூச்சுப் பயிற்சியில், திருமூலர் சொல்லும் 16-64-32 கணக்கைப் (16 எண்ணி இழுத்து, 64 அடக்கி, 32 எண்ணி விடுவது) பார்த்து நேரே கும்பகத்தில், அதாவது மூச்சை அடக்குவதில், இறங்கிவிடாதீர்கள். 4 எண்ணி இழுங்கள், 4 எண்ணி விடுங்கள். இரண்டு வாரம் போன பிறகு 4-6, அப்புறம் 4-8. மூச்சை விட்டு முடித்ததும் அடுத்ததை அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தால் எண்ணிக்கை கூடுதல் என்று பொருள். ஒரு படி இறங்குங்கள்.

தோள்பட்டை:
வலியைத் தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் சொல்லும் இடத்தில்தான் தொடையின் பின்தசைகள் எலும்பில் சேர்கின்றன. தினமும் பல மணி நேரம் இழுத்து, பிறகு வகுப்பில் உடல் சூடாகாமலே செய்துகாட்டினால் அந்தத் தசைநாண் கெட்டுப்போகும். நீட்டினால் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும், மறுநாள் வலி கூடும். இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பச்சிமோத்தானாசனம் (கால் நீட்டி உட்கார்ந்து முன்னே குனிவது), ஹனுமானாசனம் (கால்களை முன்னும் பின்னுமாக முழுக்க விரிப்பது) இரண்டையும் இப்போதைக்கு விடுங்கள். நின்றபடி முன்னே குனியும் உத்தானாசனத்தில் முழங்காலை நன்றாக மடக்குங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் சேதுபந்தாசனம் (மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துவது), 30 விநாடி வீதம் 5 தடவை. அது சுலபமானதும் பாதங்களைச் சற்று முன்னே தள்ளி வைத்துச் செய்யுங்கள். தசைநாண் தேற மாதக்கணக்கில் ஆகலாம். கால் மரத்துப்போனாலோ, உட்காரவே முடியாமல் வலித்தாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள்.

செய்துகாட்டுவதைப் பாதியாகக் குறைத்தால் வலிக்கும் நல்லது, பேச்சுக்கும் நல்லது. நீங்களே ஆசனத்தில் இருக்கும்போது மாணவர் என்ன செய்கிறார் என்பது தெரியாது. அந்தத் தெரியாமையை நிரப்பத்தான் வாய் ஓடுகிறது. குறிப்பு கொடுக்கும்போது உறுப்பு, திசை, செயல் மூன்றும் இருந்தால் போதும்: “வலது பாதத்தை வெளிப்பக்கம் திருப்புங்கள்.” “வலது கையை முன்னே நீட்டுங்கள்.” “அதைக் கணைக்காலில் வையுங்கள்.” திரிகோணாசனம் வந்துவிட்டது. இனி மூன்று மூச்சு பேசாமல் பாருங்கள், பாதத்திலிருந்து மேல்நோக்கி. முன்முழங்கால் உள்ளே சரிகிறதா? எடை முழுக்கக் கையில் விழுகிறதா? கண்டதில் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். தண்டால் போலக் கைகளை மடக்கி உடலைத் தாழ்த்தும் சதுரங்க தண்டாசனத்தில் தோள் முழங்கைக்குக் கீழே போனால் “முழங்காலைத் தரையில் வையுங்கள்” என்றாலே தீர்ந்தது. தோள்மூட்டின் தசைகளை அப்போது விளக்கினால் யார் காதிலும் ஏறாது.

நிதானம்:
பதஞ்சலி தன் யோக சூத்திரத்தின் முதல் பாதம் (அத்தியாயம்) 30-வது சூத்திரத்தில் ஒன்பது தடைகளைச் சொல்கிறார். எட்டாவது, நிலையை எட்ட முடியாமை. ஒன்பதாவது, எட்டிய நிலையில் தங்க முடியாமை. உங்களுக்கு வந்திருப்பது அந்த ஒன்பதாவதுதான், ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. அதே பாதத்தின் 14-வது சூத்திரம், பயிற்சி வேரூன்ற நெடுங்காலம், இடைவிடாமை, சிரத்தை மூன்றும் வேண்டும் என்கிறது. ஆசிரியர் பயிற்சி பின்னிரண்டைத் தரும்; நெடுங்காலத்தை எந்தப் பயிற்சியாலும் தர முடியாது. அதனால் மேலே சொன்ன 30 நிமிடம்கூட அதிகமாகப்படும் நாளில் பத்து நிமிடமாவது செய்யுங்கள், விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று சுவாத்தியாயம், அதாவது தன்னைத் தானே ஆராய்வது. ஒவ்வொரு வகுப்புக்கும் பிறகு இரண்டே வரி எழுதுங்கள்: எங்கே என் மூச்சு பிடித்துக்கொண்டது, எதற்கு எரிச்சலோ பயமோ வந்தது. “பின்வரிசையில் ஒருவர் சொன்னதைச் செய்யாமல் படுத்தே இருந்தார், கோபம் வந்தது” என்ற அளவுக்கு நேராக இருக்கட்டும். “இன்று வகுப்பு நன்றாக இருந்தது” என்று எழுதினால் பயனில்லை. ஒரு மாதத்தில் ஒரே விஷயம் வேறு வேறு ஆட்கள் பெயரில் திரும்பத் திரும்ப வரும். நீங்கள் கேட்ட வளர்ச்சிக்கான வேலை அங்கேதான் இருக்கிறது. படுத்திருப்பவருக்கு ஓய்வு தேவைப்பட்டிருக்கலாம் என்று உங்கள் குரல் மாறாமல் வகுப்பைத் தொடர முடிகிற நாளில், பயிற்சி உள்ளே இறங்கியிருக்கிறது என்பேன்.

புதுப்பாய்:
மூவருக்கும் நன்றி. கையால் தொட்டுத் திருத்துவது பற்றியும் சொல்லுங்களேன்.

தோள்பட்டை:
தொடக்கத்தில் தொடாமலே பழகுங்கள். உங்கள் உள்ளங்கையை மாணவர் தோளுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, “தோளை இதுவரை கொண்டுவாருங்கள்” என்றால் அவரே சரிசெய்துகொள்வார். தொட்டே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். போன வாரம் சரி என்றவர் இந்த வாரம் வேண்டாம் என்னலாம். நீட்டத்தின் எல்லையில் இருப்பவரை அழுத்தவே கூடாது, அவருக்கு எங்கே இழுக்கிறது என்பது உங்கள் கைக்குத் தெரியாது. முதல் நாளே ஒரு படிவத்தில் உயர் ரத்த அழுத்தம், கிளாக்கோமா (கண் அழுத்த நோய்), கர்ப்பம், அறுவை சிகிச்சை நான்கையும் கேட்டு வாங்குங்கள். முதல் இரண்டில் எது இருந்தாலும் தலைகீழ் ஆசனமும் கும்பகமும் வேண்டாம். கர்ப்பிணிக்குக் குப்புறப் படுப்பது, வயிற்றை நெருக்கும் முறுக்கு, கும்பகம் மூன்றும் கூடாது.