எஞ்சின் மாற்றிய காருக்கு எந்த மாஸ்டர், எந்த சிலேவ்? கிளச் ஹைட்ராலிக் அனுபவங்கள்

மைனர்காரன், யாழ்ப்பாணம்

எஞ்சின் மாற்றம் என்றதும் மவுண்ட், புரொப்பெல்லர் ஷாஃப்ட், ரேடியேட்டர் என்று மணிக்கணக்காகப் பேசுகிறோம். கிளச் என்று வந்தால் மட்டும், "ஏதாவது ஒரு மாஸ்டர் சிலிண்டரைப் போட்டால் வேலை செய்யும்" என்று சொல்லிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விடுகிறார்கள். பெடலை மிதித்ததும் ஒயிலைத் தள்ளுவது மாஸ்டர்; அந்த ஒயிலின் அழுத்தத்தால் கிளச்சை விடுவிப்பது சிலேவ். அழகாக எஞ்சின் ஏற்றிய கார்கள் முதல் கியர் விழாமல் பற்களைக் கடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. அதனால்தான் இந்தப் பேச்சைத் தொடங்குகிறேன். செய்து பார்த்தவர்கள் தங்கள் அளவுகளோடு எழுதுங்கள்.

என்னுடையது 1961ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. அதன் 948 சிசி எஞ்சினை எடுத்துவிட்டு, நிசான் வனெட் சி22 வானில் வரும் ஏ15 எஞ்சினையும் அந்த வானின் கியர்பாக்ஸையும் ஏற்றினோம். எஞ்சின் இலக்கம் மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவையும் மாற்ற வேண்டும், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மைனரின் கிளச் ஹைட்ராலிக்கில் இயங்குவதில்லை. பெடல் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கும். அங்கிருந்து கம்பியும் நெம்புகோலுமாகக் கியர்பாக்ஸ் வரை போகும். பிறேக் மாஸ்டர் சிலிண்டரும் ஓட்டுநரின் காலடியில், சேசிஸ் சட்டத்துக்குள்தான் இருக்கிறது. புதிய கியர்பாக்ஸிலோ வெளியே பூட்டிய சிலேவ் சிலிண்டர், கிளச்சை விடுவிக்கும் நெம்புகோலான ஃபோர்க்கைத் தள்ள வேண்டும். ஆக, பெடலில் இருந்து சிலேவ் வரை உள்ள அத்தனையையும் நாமே தெரிவு செய்ய வேண்டியிருந்தது.

பலரும் பெடல் பக்கத்திலிருந்து தொடங்குகிறார்கள். நான் எதிர்ப்பக்கத்திலிருந்து வரச் சொல்வேன். கிளச் முழுதாக விடுபட ஃபோர்க்கின் நுனி எவ்வளவு நகர வேண்டும்? அந்த ஓர் அளவு கையில் இருந்தால் மற்றதெல்லாம் கணக்கு. அதை எஞ்சின் கீழே இருக்கும்போதே எடுத்துவிடலாம். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நிலத்தில் பூட்டி வைத்து, கிராங் சுழலாமல் பிடித்து, கியரில் போட்டோம். சிலேவ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தகட்டைப் பூட்டி, அதில் நீள போல்ட் ஒன்றைச் செலுத்தி, ஃபோர்க்கின் குழியில் அதன் நுனியை வைத்தோம். ஒருவர் போல்ட்டைக் கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்க, மற்றவர் கியர்பாக்ஸின் பின் ஷாஃப்டைக் கையால் திருகிப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் அசையவில்லை. பிறகு உரசலோடு கொஞ்சம் திரும்பியது. அதற்குப் பிறகு திடீரென்று எந்தத் தடையும் இல்லாமல் சுழன்றது. அந்த இடத்தில் போல்ட் நகர்ந்திருந்த தூரத்தை வேர்னியரால் அளந்தோம்: 11 மில்லிமீற்றர். தேய்மானத்துக்கும் குழாயின் விரிவுக்கும் இடம் விட்டு 14 என்று வைத்துக்கொண்டோம்.

சிலேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுடன் வந்ததே இருக்கட்டும். அதன் புஷ் ராட் (ஃபோர்க்கைத் தள்ளும் கம்பி) நீளமும் பூட்டும் துளைகளும் அந்த ஃபோர்க்குக்காகவே செய்யப்பட்டவை. எங்களுடையதின் உடலிலேயே 3/4 என்று வார்ப்பில் இருந்தது. முக்கால் அங்குலம் என்றால் 19.05 மில்லிமீற்றர், பரப்பு 285 சதுர மில்லிமீற்றர். அதை 14 மில்லிமீற்றர் தள்ள ஏறக்குறைய 4 சிசி ஒயில் போதும்.

இனி மாஸ்டர். முக்கால் அங்குலமே போட்டால் அதன் பிஸ்டனும் 14 மில்லிமீற்றர் நகர வேண்டும். 5/8 அங்குலம் போட்டால் 20 மில்லிமீற்றர். எங்கள் பெடலின் நெம்பு விகிதம் 5.5, அதாவது கால் 5.5 மில்லிமீற்றர் இறங்கினால் மாஸ்டரின் பிஸ்டன் 1 மில்லிமீற்றர் நகரும். அதன்படி பெரிய மாஸ்டரில் கால் 77 மில்லிமீற்றர் இறங்கும், சிறியதில் 111. ஆனால் பெரியதை மிதிக்க 44 சதவீதம் கூடுதல் பலம் வேண்டும். நகரத்து நெரிசலில் ஓடும் கார் என்பதால் 5/8 எடுத்தோம். கடைகளில் "பெரிதைப் போடுங்கள், உறுதியாக இருக்கும்" என்பார்கள். பெரிது என்றால் கால் கனக்கும், கிளச் சட்டென்று பிடிக்கும், அவ்வளவுதான். மிகச் சிறிதானால் பெடல் தரையைத் தொட்டும் கிளச் விடாது. இரண்டுக்கும் இடையில் நிற்க வைப்பது அந்த 14 மில்லிமீற்றர்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிரம் பிறேக் காரின் மாஸ்டர் சிலிண்டரை அப்படியே கிளச்சுக்குப் போடச் சொல்வார்கள். அவற்றில் பலவற்றின் வெளிவாயில் ஒரு சிறு வால்வு உண்டு; பெடலை விட்ட பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். பிறேக்குக்கு அது வேண்டும். கிளச்சிலோ, அதை விடுவிக்கத் தள்ளும் பேரிங்கை எந்நேரமும் டயபிராமில் (விரல்கள்போல் பிளந்த கிளச் வில் தகட்டில்) அழுத்திக்கொண்டிருக்கும். கழற்றிப் பார்க்காமல் அதை வாங்காதீர்கள். மாஸ்டர் தரைக்குக் கீழே போனால் ஒயில் தொட்டியான ரிசர்வாயரை மேலே வைத்து ஹோஸால் இணைக்க வேண்டிவரும். அந்த ஹோஸ் பிறேக் ஒயிலுக்கு என்றே விற்பதாக இருக்க வேண்டும். பெற்றோல் ஹோஸ் ஊறிப் பிசுபிசுத்துப்போகும்.


ஸ்காபரோ சுதன், கனடா

அண்ணா, உங்கள் போல்ட் முறையைப் படித்ததும் பொறாமையாக இருக்கிறது. உங்களுக்குச் சிலேவ் வெளியே இருக்கிறது. என்னுடையது கிளச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்கு உள்ளே.

பிஎம்டபிள்யூ ஈ36இல் 5.7 லீற்றர் எல்எஸ்1 எஞ்சின், டி56 கியர்பாக்ஸ். இதில் ஃபோர்க் என்ற ஒன்றே இல்லை. கியர்பாக்ஸின் உள்ஷாஃப்டைச் சுற்றி வளையமாக உட்காரும் சிலேவ், பேரிங்கை நேராகத் தள்ளுகிறது. கணக்கும் கொஞ்சம் மாறும்: வெளிவட்டப் பரப்பிலிருந்து உள்வட்டப் பரப்பைக் கழித்தால் வருவதுதான் பிஸ்டனின் பரப்பு. இந்தக் கியர்பாக்ஸுடன் வரும் சிலேவுக்கு முக்கால் அங்குல மாஸ்டர் பொருந்துகிறது என்பது இங்கே இந்த மாற்றத்தைச் செய்யும் பலரின் அனுபவம், எனக்கும் அப்படியே.

உள்ளே இருக்கும் சிலேவில் மாஸ்டரைவிட முக்கியமானது இடைவெளி. கிளச், ஃபிளைவீல் இரண்டும் வேறு வேறு இடத்திலிருந்து வாங்கியவை என்றால் டயபிராம் விரல்களின் உயரம் நிச்சயம் மாறியிருக்கும். பெல் ஹவுசிங்கின் பின் முகத்தில் நேர்க்கோல் ஒன்றை வைத்து விரல் நுனி வரை ஆழத்தை எடுத்தேன். பிறகு கியர்பாக்ஸ் முகத்திலிருந்து, சிலேவை முழுவதும் உள்ளே அழுத்திய நிலையில், பேரிங் முகம் வரை எடுத்தேன். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் இடைவெளி. அது 3 முதல் 5 மில்லிமீற்றருக்குள் வர வேண்டும். கூடினால் சிலேவின் பின்னால் ஷிம் (மெல்லிய தகட்டு வளையம்) வைக்கலாம். குறைந்தால்தான் ஆபத்து: தட்டுத் தேயத் தேய விரல்கள் பேரிங்கை நோக்கி வரும், பின்வாங்க இடமில்லாமல் கிளச் வழுக்கத் தொடங்கும்.

பெடலுக்கு ஒரு தடை கட்டாயம் வையுங்கள். தேவைக்கு மேல் தள்ளினால் பிஸ்டன் சீலைத் தாண்டி வெளியே வந்துவிடும். ஒயில் முழுவதும் கிளச் தட்டில். உள்ளே இருக்கும் சிலேவுக்காக ஒவ்வொரு முறையும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்பதால் பழையதைப் போடவே போடாதீர்கள், எவ்வளவு நல்லதாகத் தெரிந்தாலும். காற்று எடுக்கும் நிப்பிளைக் கையால் தொடவே முடியாது. ஏற்றுவதற்கு முன்பே பின்னல் ஹோஸ் ஒன்றைப் பூட்டி வெளியே கொண்டுவந்துவிட்டால் காலம் முழுவதும் நிம்மதி.

குழாய் இணைப்பில் ஒரு பொறி இருக்கிறது. என் மாஸ்டர் ஐரோப்பிய வகை, எம்10 ஒரு மில்லிமீற்றர் மரை. ஹோஸுடன் வந்த நட் அமெரிக்க வகை, 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. அதன் தடிப்பு 9.5 மில்லிமீற்றர், மரை இடைவெளி 1.06. விரலால் திருகினால் சுகமாக உள்ளே போகிறது, கொஞ்சத்தில் இறுகியதுபோலவும் இருக்கிறது. மரைகளின் நுனி மட்டுமே ஒன்றையொன்று பிடித்திருக்கும். பெடலை அழுத்தி மிதித்தால் உரிந்துவிடும். குழாயின் வாயும் வேறு: அமெரிக்கக் கூம்பு உள்நோக்கி மடிந்தது, ஐரோப்பியக் குழாயின் வாய் குமிழ்போல் உருண்டது. ஒன்றின் மேல் மற்றது உட்காராது. மரை அளவி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டுதான் கடைக்கே போக வேண்டும்.


தோட்டத்து ஜீப், கோயம்புத்தூர்

இருவரும் இரும்பைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள். நான் ஆயிலையும் ரப்பரையும் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்துக்குள் மட்டுமே ஓடும் பழைய மகிந்திரா ஜீப்பில், காண்டெஸாவில் வந்த ஐசுசு 2.0 லிட்டர் டீசல் இருக்கிறது. (சாலையில் ஓட்டும் வண்டி என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் படித்துவிட்டு இன்ஜினில் கை வையுங்கள், அனுமதி இல்லாமல் மாற்றக்கூடாது.) கிளட்ச் நன்றாக இருந்தது. ஒரு பட்டறையில் ஆயில் குறைந்திருக்கிறதென்று பவர் ஸ்டீயரிங் ஆயிலை ஊற்றி அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் ரிசர்வாயர் மூடியைத் திறந்தேன். உள்ளிருக்கும் ரப்பர் தகடு அலை அலையாக உப்பிப்போய் மூடிக்குள் திரும்ப அடங்கவே இல்லை. மூடி ரப்பர் அந்த நிலையில் இருந்தால் சிலிண்டருக்குள் இருக்கும் கப் (சீல் ரப்பர்) என்ன ஆகியிருக்கும் என்று தனியாகப் பார்க்க வேண்டியதில்லை. பிரேக் ஆயிலுக்கான சீல்கள் இபிடிஎம் ரப்பர். கனிம எண்ணெய் பட்டால் ஊதிவிடும். அப்படி ஆனால் மாஸ்டர் கிட், சிலேவ் கிட், ஹோஸ், மூடி ரப்பர் அத்தனையும் மாற்றி, இரும்புக் குழாயைப் பிரேக் ஆயில் விட்டுக் கழுவ வேண்டும்.

சில சிட்ரோயன் கார்களில் இதற்கு நேர்மாறாகப் பச்சை நிறக் கனிம எண்ணெய் ஓடுகிறது. அங்கே பிரேக் ஆயில்தான் விஷம். வேறு வேறு வண்டிகளின் மாஸ்டரையும் சிலேவையும் இணைக்கும்போது இரண்டும் ஒரே ஆயிலுக்கானவையா என்று பார்ப்பது முதல் வேலை.

அடுத்தது சூடு. இன்ஜின் மாறினால் சைலன்சர் குழாயின் வழியும் மாறும். பெரும்பாலும் சிலேவை உரசிக்கொண்டு போகும். டாட் 3 தரப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140. டாட் 4க்கு 230, 155. மேட்டில் முதல் கியரில் ஏறி நின்றதும் பெடல் ஆளில்லாததுபோல் கீழே போய், ஆறியதும் தானாகச் சரியானால் ஆயில் கொதித்திருக்கிறது. சிலேவுக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு தகடு வைத்து, டாட் 4 ஊற்றியதும் எங்கள் தொல்லை நின்றது.

சீல் கிட் உள்ளூரில் கிடைக்காத சிலிண்டரை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் வாங்குவதில்லை.


மெல்பர்ன் வாசகன்

ஐயா, மூவருக்கும் நன்றி. கணக்குப்படி என் சிலேவ் 15 மில்லிமீட்டர் நகர வேண்டும். பெடல் உறுதியாக இருக்கிறது, காற்றும் இல்லை, ஒழுக்கும் இல்லை. ஆனால் ரிவர்ஸ் போட்டால் கரகரக்கிறது. மாஸ்டரைப் புதிதாக ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் இருக்கும் தகட்டில்) துளையிட்டுப் பூட்டியிருக்கிறேன். பெரிய மாஸ்டருக்கு மாறிவிடட்டுமா?


மைனர்காரன், யாழ்ப்பாணம்

தம்பி, இப்போது எதையும் வாங்காதீர்கள். ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, சிலேவின் புஷ் ராட் உண்மையில் எவ்வளவு நகர்கிறது என்று வண்டிக்கு அடியில் போய் அளவுகோலால் பாருங்கள். எவரும் இறங்கிப் பார்க்காத இடம் அது.

15க்குப் பதில் 11, 12 தான் வருகிறது என்றால் பொனட்டைத் திறந்து, மாஸ்டரின் நுனிக்கு எதிரே எஞ்சின் மேல் ஒரு கம்பியைக் கட்டி நிறுத்துங்கள். பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் கம்பியை நோக்கி முன்னே வருகிறதா? வந்தால் ஃபயர்வால் தகடு வளைகிறது. அங்கே இழக்கும் 2 மில்லிமீற்றரும் பெடல் உறுதியாக இருக்கும்போதே இழப்பது, அதனால் காலுக்குத் தெரியாது. 3 மில்லிமீற்றர் தடிப்பான இரும்புத் தகட்டை உட்புறத்தில் அகலமாக வைத்து, முடிந்தால் பெடல் பெட்டியோடு சேர்த்து இறுக்குங்கள். புஷ் ராட் மாஸ்டருக்குள் சாய்வாகப் போகிறதா என்றும் பாருங்கள். சாய்ந்தால் பிஸ்டன் ஒரு பக்கமாகத் தேயும்.

முழு 15 மில்லிமீற்றரும் வந்து அப்படியும் கரகரத்தால் ஹைட்ராலிக்கில் தேட வேண்டாம். கிளச் தட்டை முன்பின்னாக மாற்றிப் பூட்டியிருக்கலாம், அல்லது கிராங்கின் பின்னால் இருக்கும் சிறு பைலட் பேரிங் உள்ஷாஃப்டை இழுத்துக்கொண்டு சுழலலாம். அதற்குக் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். முதலில் அளவை எடுத்து இங்கே போடுங்கள்.