‘வெட்டரினரி டெக்னீசியன்’ என்பதற்குத் தமிழில் ஒரு பெயர்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

விலங்கு மருத்துவமனையில் மருத்துவருக்குத் துணையாகப் பணிபுரியும் பயிற்சி பெற்றவரைக் குறிக்கும் ‘வெட்டரினரி டெக்னீசியன்’ என்ற பணிப்பெயருக்குக் ‘கால்நடை உதவியாளர்’, ‘கால்நடைத் தொழில்நுட்பவியலாளர்’, ‘விலங்கு மருத்துவ நுட்புநர்’ என மூன்று சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றுமே ஆங்கிலப் பெயரைப் பிரித்துப் பார்த்து ஆக்கப்பட்டவை. அந்தப் பணியில் இருப்பவர் காலை முதல் மாலை வரை என்ன செய்கிறார் என்று பார்த்து ஆக்கினால் வேறொரு சொல் கிடைக்கும் என்பது என் கருத்து.

‘உதவியாளர்’ என்பதை உடனே விலக்கிவிடலாம். நம் மாநிலத்தில் ‘கால்நடை பராமரிப்பு உதவியாளர்’ என்ற அரசுப் பணியிடமே இருக்கிறது. ‘கால்நடை ஆய்வாளர்’ என்பது மற்றொன்று. நாம் பேசும் பணி வளர்ந்த இடமான அமெரிக்காவிலும் உதவியாளர் வேறு, இவர் வேறு. இவர் பொதுவாக இரண்டாண்டுப் படிப்பு முடித்து, தேசியத் தேர்வு எழுதி வருகிறவர். நோயை அறுதியிடுவது, மருந்து எழுதுவது, அறுவை செய்வது ஆகியவை மருத்துவருக்கே உரியவை; இவை நீங்கலாக மருத்துவமனையின் ஏனைய வேலைகளில் பெரும்பகுதி இவர் கையில் நடக்கிறது. ‘தொழில்நுட்பவியலாளர்’ என்பதோ அங்கே நான்காண்டுப் பட்டம் பெற்றவருக்கு உரிய தனிப்பெயருக்கு வேண்டியிருக்கும். அதை இப்போதே செலவழித்துவிடக் கூடாது.

‘கால்நடை’ என்ற முன்னொட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தைக்கு வரும் ஆடு மாடுகளுக்கு அது பொருத்தமான சொல். ஆனால் இன்று பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையின் வாசலில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் நாயும் பூனையும் கூண்டுக்கிளியும் வருவதைப் பார்க்கலாம். கிளியைக் கால்நடை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆகவே ‘விலங்கு’ என்றே கொள்வோம். பறவையும் அதில் அடங்குமா என்று கேட்கலாம். அறிவியல் தமிழில் பறவை, மீன், பூச்சி எல்லாவற்றுக்கும் அது பொதுச்சொல்லாக நிலைபெற்றுவிட்டது.

இனி வேலைக்கு வருகிறேன். சென்ற ஆண்டு எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறை நாய்க்குக் கருப்பையில் சீழ் கட்டி, அறுவை செய்ய வேண்டியதாயிற்று. அறையின் வாசலில் நின்று பார்க்க என்னை அனுமதித்தார்கள். மருத்துவருடன் இருந்த தம்பி முதலில் நாயின் முன்னங்காலில் முடியை மழித்து, இரத்தக்குழாயைக் கட்டைவிரலால் தடவிக் கண்டு ஊசியை ஏற்றினார். மயக்கம் வந்த பிறகு அதன் தலைமாட்டில் நின்றுகொண்டார். சிறிது நேரத்துக்கு ஒருமுறை உதட்டைத் தூக்கி, ஈற்றை விரலால் அழுத்தி, விட்டு, வெளுத்த இடம் மறுபடி சிவக்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தார். இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்பினால் இரத்த ஓட்டம் சரியாக இருக்கிறது என்று பொருளாம். இமையோரத்தைத் தொட்டுப் பார்த்தார். மூச்சை எண்ணித் தாளில் குறித்தார். நடுவில் ஒருமுறை, “டாக்டர், ஈறு வெளுக்குது” என்றார். மருத்துவர் கையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். ஊசி வழியே இரத்தக்குழாயில் ஏறிக்கொண்டிருந்த சொட்டுநீரின் வேகம் கூட்டப்பட்டது. நாய் பிழைத்தது. அந்த இரண்டு சொற்களுக்காக நான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

மற்ற வேலைகளை நீட்டாமல் சொல்லிவிடலாம். தடுப்பூசி மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் காப்பது, அறுவைக் கருவிகளை 121 டிகிரி நீராவியில் அவிப்பது, சாணத்தில் புழுமுட்டை தேடுவது, ஈய மேலங்கி அணிந்து எக்ஸ்ரே எடுப்பது, பசுவின் வாலடியில் நாடி பார்ப்பது, பதறி வந்தவருக்கு, நாய்க்கு 102 டிகிரி பாரன்ஹீட் காய்ச்சல் அல்ல என்று பொறுமையாக விளக்குவது என்று அது போகும். இவை அனைத்துக்கும் அடியில் ஓடுவது ஒன்றுதான்: எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத வாயில்லாச் சீவனின் உடம்பைப் பார்த்தே அறிவது.

இதைச் செய்பவருக்குத் தமிழில் பழைய பெயர் இருக்கிறது. அகப்பாடல்களில் தலைவி தன் மாற்றத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை. அவள் மேனி வேறுபடுவதைக் கண்டு, என்னவோ நடந்திருக்கிறது என்று உணர்பவள் செவிலி. பெற்றவள் அல்லள், வளர்த்துக் காப்பவள். சொல்லாததைக் குறிப்பால் அறிவது அவளுடைய இயல்பு. மனிதர்களைப் பேணுபவருக்கு அந்தப் பெயரைக் கொடுத்தோம். அவர்களாவது நோயாளியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்க வழியில்லாத இடத்தில் பணிசெய்பவருக்கு இது அதைவிடவும் பொருந்தும். ஆகவே நான் முன்மொழிவது ‘விலங்குச் செவிலியர்’.

இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். செவிலி பெண்பாற்சொல் ஆயிற்றே என்பது முதலாவது. ‘செவிலியர்’ என்ற பலர்பால் வடிவம் ஆண்களுக்கும் வழங்கத் தொடங்கி நாளாகிவிட்டது. நான் மேலே சொன்ன தம்பியை அப்படி அழைப்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஆய்வகமும் எக்ஸ்ரேயும் செவிலியர் வேலையா என்பது இரண்டாவது, இது கனமானது. ஆனால் ஏறத்தாழ இதே வேலையைச் செய்பவரைப் பிரிட்டனில் ‘நர்ஸ்’ என்றே அழைக்கிறார்கள். அமெரிக்காவிலும் 2017இல் அந்தப் பெயருக்கு மாற வேண்டும் என்று இத்துறையினரின் சங்கமே இயக்கம் தொடங்கியது. ஆய்வக மேசையில் மட்டும் பணிபுரிபவர் இருந்தால், அவருக்கு ‘நுட்புநர்’ இருக்கட்டும்.

நம் ஊர்ப்பக்கம் மாட்டாஸ்பத்திரியில் இவரைக் ‘கம்பவுண்டர்’ என்பார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள் என்றாலும் அது மருந்து கலக்கிய காலத்துப் பெயர்.

கூடவே இன்னொரு சொல்லையும் முடிவு செய்ய வேண்டும். சிகிச்சைக்காக விலங்கை அசையாமல் பிடிப்பதை மொழிபெயர்ப்புகளில் ‘கட்டுப்படுத்துதல்’ என்று எழுதுகிறோம். அது காவல்துறைச் சொல் போல ஒலிக்கிறது. பால் கறக்கும்போது பசுவின் பின்னங்காலைக் கட்டும் கயிற்றை அணைகயிறு என்கிறோம். நாய்க்கு ஊசி போடும்போது, “அணைச்சுப் பிடி” என்கிறோம். கழுத்தின் கீழ் ஒரு கையும் வயிற்றின் கீழ் ஒரு கையும் கொடுத்து மார்போடு சேர்த்துக்கொள்ளும் அந்தப் பிடிக்கு ‘அணைபிடி’ என்று நான் எழுதிவருகிறேன். மாடு பிடித்துப் பழகியவர்கள் இதைவிடப் பொருத்தமான சொல் வைத்திருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.