சமையலறை மேடை உயரம், யோசனை சொல்லுங்கள்

வணக்கம். மதுரையில் எங்கள் வீட்டுச் சமையலறை 10க்கு 8 அடி, கடப்பா கல் மேடை, 30 வருஷத்துக்கு முன்னால் அப்பா போட்டது. இப்போது சிங்க் ஓரத்தில் கல் விரிசல் விட்டு, கீழே வைத்திருக்கும் அரிசி டின் அடியெல்லாம் துரு. கிரானைட் என்று முடிவு செய்துவிட்டோம். கீழ் அலமாரிக்கு 710 மரைன் பிளைவுட் (தண்ணீர் தாங்கும் ஒட்டுப்பலகை) போதும் என்கிறார் ஆசாரி, சரி, சிங்க்குக்கு அடியில் மட்டும் பிவிசி போடலாமா?

அப்புறம் உயரம், அதுதான் பெரிய கவலை. கொத்தனார் 33 அங்குலம் என்கிறார், அம்மா உயரம் 4 அடி 10 அங்குலம், அடுப்பு உயரமும் சேர்ந்துவிடுவதால் குக்கருக்குள் பார்க்க இப்போதே குதிகாலைத் தூக்கித்தான் நிற்கிறார். அடுப்புப் பக்கத்தை மட்டும் 30 அங்குலமாக இறக்கினால் அந்த இணைப்பில் தண்ணீர், அழுக்கு தங்குமா? அப்படிச் செய்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை கிரானைட் கல் வாங்கப் போகிறோம்.