ஒன்பது ஆண்டுகள் ஆகியும் அக்கம்பக்கத்தாரோடு நெருங்க முடியவில்லை

செங்காங்வாசி:
அனைவருக்கும் வணக்கம். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் திருச்சியிலிருந்து வேலைக்காகச் சிங்கப்பூருக்கு வந்த நானும் என் கணவரும் நிரந்தரவாசிகளாகி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு செங்காங்கில் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடு ஒன்றையும் மறுவிற்பனையில் வாங்கினோம். ஆனால் வார இறுதியில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் தமிழகத்திலிருந்து வந்தவர்களே. தொடக்கநிலை மூன்றில் படிக்கும் என் மகள், "என் வகுப்புப் பிள்ளைகள் ஏன் நம் வீட்டுக்கு வருவதே இல்லை?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. சமூக மன்ற நிகழ்ச்சிகளுக்குப் போகிறோம், சாப்பிடுகிறோம், திரும்பிவிடுகிறோம். இங்கேயே பிறந்த தமிழர்களிடம்கூட, மொழி ஒன்றாக இருந்தும், ஓர் இடைவெளியை உணர்கிறேன். எங்கே தவறுகிறோம்?

ஜாலான் காயு பேரன்:
சகோதரி, மனம் திறந்து கேட்டிருப்பதால் நானும் திறந்தே சொல்கிறேன். என் தாத்தா பிரிட்டிஷ்காரர் காலத்தில் சிலேத்தார் ஆகாயப் படைத் தளத்தில் வேலை பார்த்தவர். அப்பா இங்கே பிறந்தார். இளைஞர்கள் ராணுவம், காவல்துறை போன்றவற்றில் கட்டாயமாகச் செய்யும் தேசிய சேவையை நானும் இரண்டு ஆண்டு செய்தேன். புதிதாக வந்தவர்கள் "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்கும்போது "சிங்கப்பூர்" என்கிறேன். உடனே "அது சரி, சொந்த ஊர் எது?" என்பார்கள். அன்போடுதான் கேட்கிறார்கள் என்று தெரிந்தாலும், இந்த நாடு எனக்குச் சொந்தமில்லை என்று சொல்வதைப் போலவே அது காதில் விழுகிறது. சந்தையைப் 'பாசார்' என்றும், பொட்டலம் கட்டி வாங்குவதைத் 'தாப்பாவ்' என்றும் பேசும் எங்கள் தமிழைத் திருத்த முனைபவர்களும் உண்டு. எந்தப் பள்ளியில் படித்தீர்கள், எந்தக் குடியிருப்புப் பேட்டையில் வளர்ந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நாங்கள் மணிக்கணக்கில் பேசுவோம். எங்கள் பக்கத்திலும் குறை இருக்கிறது. வந்தவர்கள் சில ஆண்டுகளில் போய்விடுவார்கள் என்று நினைத்து நாங்களும் ஒதுங்கியே இருந்துவிடுகிறோம்.

ஈசூன் புதுக்குடிமகள்:
1989ஆம் ஆண்டிலிருந்து வீவக புளோக்குகளில் இன விகிதாசாரம், அதாவது ஒவ்வோர் இனத்தாரும் இவ்வளவு வீடுகளில்தான் குடியிருக்கலாம் என்ற வரம்பு, உண்டு. 2010இல் மலேசியரல்லாத நிரந்தரவாசிகளுக்கும் தனி வரம்பு வந்தது. ஆகவே, எந்தப் பேட்டைக்குப் போனாலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று கலந்தே குடியிருப்போம். அதற்குப் பிறகு நடக்க வேண்டியது நம் கையில்தான் இருக்கிறது.

நான் இங்கு வந்த முதல் ஆண்டு, சீனப் புத்தாண்டின்போது பக்கத்து வீட்டு ஆன்ட்டி இரண்டு மாண்டரின் ஆரஞ்சுகளை இரு கைகளாலும் நீட்டினார். நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டேன். பதிலுக்கு நானும் இரண்டு பழங்களை அதே போலக் கொடுத்திருக்க வேண்டும் என்பதைப் பல மாதங்களுக்குப் பிறகுதான் அறிந்தேன். அடுத்த ஆண்டு பழங்களோடு அவர் வீட்டுக்கு முதலில் போனது நான்தான். இன்று என் வாசலில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டிக்கு, நான் ஊருக்குப் போகும் நாள்களில் தண்ணீர் ஊற்றுபவர் அவர். குடியுரிமை பெறும்போது இணையப் பாடமும் சுற்றுலாவும் பகிர்வுக் கூட்டமும் எனக்குப் பயன்பட்டன. ஆயினும் இங்கே வாழக் கற்றுக்கொடுத்தவர் அந்த ஆன்ட்டிதான்.

முன்னாள் தொண்டூழியர்:
நிகழ்ச்சிக்கு விருந்தினராகப் போனால் விருந்தினராகவே திரும்புவீர்கள், அம்மா. நாற்காலி அடுக்கவும் உணவு பரிமாறவும் ஆள் தேவைப்படும். அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மகளின் பள்ளியில் பெற்றோர் ஆதரவுக் குழு இருந்தால் அதில் சேருங்கள். ஒரே மேசையில் இரண்டு மணி நேரம் வேலை செய்த தாய்மார்கள், தங்கள் பிள்ளைகளை உங்கள் வீட்டுக்கு அனுப்பத் தயங்க மாட்டார்கள்.

செங்காங்வாசி:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. "எந்த ஊர்?" என்று நான் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன் என்பதை நினைத்து வருந்துகிறேன். ஜூன் விடுமுறையில் மகளின் தோழிகள் நால்வரை அழைக்கலாம் என்றிருக்கிறேன். அவர்களில் இருவர் மலாய் முஸ்லிம் பிள்ளைகள். வீட்டில் சமைத்துக் கொடுக்கலாமா?

ஈசூன் புதுக்குடிமகள்:
முதலில் அவர்களுடைய அம்மாவிடம் கேளுங்கள். நான் தீபாவளிக்கு ஹலால் முத்திரை உள்ள முறுக்கைப் பிரிக்காத பொட்டலமாகவே கொடுக்கிறேன். பிள்ளைகளுக்கும் அப்படியே வாங்கி, புதிய காகிதத் தட்டுகளில் வையுங்கள்.