ஏணியும் சோப்பும் போய்விட்டன: வீட்டாரிடம் எப்படிச் சொன்னீர்கள்?

தஞ்சாவூர்

ஏணி, வாளி, சோப்பு, வைப்பர் என்று இருந்த நம் ஜன்னல் கண்ணாடி கழுவும் தொழிலுக்கு நீளக் கம்பும் உப்பு நீக்கிய தண்ணீரும் வந்துவிட்டன. தரையில் நின்றபடியே இரண்டாவது மாடி வரை பிரஷால் தேய்த்து, அலசி, துடைக்காமல் அப்படியே காயவிடுகிறோம். உடம்புக்கு நல்லது, உயிருக்கும் நல்லது. ஆனால் பல வருடங்களாக நம்மைக் கூப்பிடும் வீடுகளில் இதைச் சொல்லிச் சம்மதிக்க வைப்பது தனி வேலையாக இருக்கிறது. அவரவருக்கு நடந்ததை எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம் ஒரு மாடி வீடு. மகன் சிங்கப்பூரில்; பணம் அனுப்புவது அவர். வீட்டில் அம்மா மட்டும். முறை மாறியிருப்பதை மகனுக்கு வாட்ஸ்அப்பில் விளக்கமாக எழுதினேன். "சரி அண்ணே, அம்மாவிடம் நான் சொல்லிவிடுகிறேன்" என்றார். சொல்லவில்லை. நான் பிரஷை மேலே ஏற்றியதிலிருந்தே அந்த அம்மா முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஹோஸைச் சுருட்டும்போது கேட்டார்: "என்ன தம்பி, சோப்பு போடவில்லை, துணி வைக்கவில்லை, தண்ணீர் சொட்டச் சொட்ட விட்டுவிட்டுக் கிளம்புகிறாயே?" நான் பதில் சொல்வதற்குள் சிங்கப்பூரிலிருந்து போன் வந்துவிட்டது. வெறும் தண்ணீரை அடித்துவிட்டுப் போகிறேனாம்.

கிளம்பாமல் திண்ணையில் உட்கார்ந்தேன். கண்ணாடி மேலிருந்து கீழாகக் காய்ந்து வந்தது. அந்த அம்மா மாடிக்குப் போய், ஜன்னல் கதவைத் தள்ளி, முந்தானை நுனியை விரலில் சுற்றி வெளிப்பக்கத்தை ஓர் இழுப்பு இழுத்தார். நுனியைப் பார்த்தார். இன்னோர் ஓரத்தில் இழுத்தார். கீழே வந்ததும் கேட்ட கேள்வி: "அப்போ உள்பக்கம் யார் செய்வார்கள்?" உள்பக்கத்துக்கு இன்னும் வைப்பர்தான் என்று சொல்லி, அதையும் முடித்துக் கொடுத்தேன்.

நம் பக்கத்தில் பாதி மாடி வீடுகளில் பணம் கொடுப்பவர் ஒருவர், வேலையைப் பார்ப்பவர் இன்னொருவர். என்ன இயந்திரம், எந்த நாட்டு பிரஷ் என்பதெல்லாம் பணம் கொடுப்பவருக்குக் கூடத் தேவையில்லை. நாம் போன பிறகு கண்ணாடி எப்படி இருக்கும் என்பதைப் பார்ப்பவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். "ஈரமாகத்தான் இருக்கும், துடைக்காதீர்கள், காய்ந்ததும் பாருங்கள்." இந்த மூன்று வாக்கியத்துக்குப் பிறகு எனக்குப் போன் வருவது நின்றது.

கும்பகோணம்

அண்ணன் சொல்வது சரி. நான் சொல்ல வருவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் பற்றி. வீட்டாரைச் சம்மதிக்க வைக்க அதை நம்பிப் போகாதீர்கள்.

காரணம் நாம் இல்லை. ஆர்.ஓ. இயந்திரம் விற்க வருகிற சிலர் டம்ளர் தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டு, மின்சாரம் பாய்ச்சி, அது பழுப்பாகக் கலங்கியதும் "இதைத்தான் குடிக்கிறீர்கள்" என்று பயமுறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் கலங்கலில் பெரும்பகுதி இரும்புக் கம்பி அரித்து வந்த துரு. விஷயம் தெரிந்தவர்கள் நம் மீட்டரையும் அதே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் மீட்டரை எடுத்ததும், "இந்த வித்தையெல்லாம் பார்த்தாயிற்று, உள்ளே வையுங்கள்" என்றார்.

வைத்துவிட்டேன். அவர் கார் வெயிலில் நின்றது. முகப்புக் கண்ணாடியில் கையகலம் நன்றாகத் துடைத்து, அவர்கள் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீரில் ஒரு சொட்டும் என் டேங்கிலிருந்து ஒரு சொட்டும் வைத்தேன். "காய்ந்ததும் நீங்களே பாருங்கள் ஐயா" என்று வேலையைத் தொடங்கினேன். திரும்பி வந்தபோது மனிதர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குனிந்து, ஒரு வெள்ளை வளையத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். இன்னொரு சொட்டு எந்த இடத்தில் வைத்தோம் என்று தேட வேண்டியிருந்தது. பிறகு அவரே எனக்குப் பாடம் எடுத்தார்: தண்ணீர் ஆவியாகிப் போகும், அதிலிருந்த கால்சியமும் மெக்னீசியமும் போகாது, அவைதான் வளையம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்புகள் இருக்கலாம். வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. குடிப்பதற்கு அது போதும். துடைக்காமல் காயவிடும் கண்ணாடிக்கு 10-க்குக் கீழே இருந்தால்தான் நான் டேங்கை வண்டியில் ஏற்றுவேன்.

அக்ரகாரத்துப் பழைய வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேக்குச் சட்டம், பட்டி காய்ந்து உதிர்ந்த கண்ணாடி, பக்கத்தில் சுண்ணாம்புச் சுவர் என்றால் கம்பை வெளியே எடுக்கவே மாட்டேன். தண்ணீர் உள்ளே இறங்கும். அந்த வீட்டில் துணிதான். "உங்கள் வீட்டுக்குப் பழைய முறைதான் சரி" என்று நானே சொல்வதைக் கேட்ட ஒருவர், பைபாஸ் பக்கம் கட்டிய தன் புது வீட்டுக்குப் புது முறையையே கேட்டார். எங்கே செய்ய மாட்டோம் என்று சொல்வதற்கும் நல்ல பலன் உண்டு.

நாகப்பட்டினம்

எங்கள் ஊரில் இவ்வளவு விளக்கம் தேவைப்படவில்லை. கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து கண்ணாடியில் படிய வைக்கிறது, கூடவே மணலும். காய்ந்த துணியால் துடைத்தால் மணல் கீறும். "துடைத்தால் கீறல், கழுவினால் உப்பு கரைந்து போகும்" என்றதும் புரிந்துகொள்கிறார்கள். எங்கள் சிக்கல் வேறு. தண்ணீரே உப்பு. அந்த உப்பைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் மணிகள் சீக்கிரம் தீர்ந்துபோகின்றன, செலவு ஏறுகிறது, அதனால் கட்டணமும் தஞ்சாவூர்க் கட்டணத்தை விட அதிகம். "இரண்டு ஆள் வந்த இடத்தில் ஓர் ஆள் வருகிறாய், காசு மட்டும் ஏன் ஏறுகிறது?" என்று லாட்ஜ் மேலாளர் கேட்டார். ரெசின் பையைக் கையில் கொடுத்து விலையைச் சொன்னேன். கட்டணத்தைக் குறைக்கவில்லை, சட்டத்தையும் சேர்த்துக் கழுவித் தருவதாக ஒப்புக்கொண்டேன். எப்படியும் சட்டத்தைக் கழுவித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் மேலே தங்கிய அழுக்கு கண்ணாடியில் வடியும். அதை அவரிடம் சொல்லவில்லை.

மன்னார்குடி

கல்யாண மண்டபம் வைத்திருப்பவர்களிடம் ஒன்றே ஒன்று: நேரம். சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, மூன்று மணிக்கு வாசல் கண்ணாடியில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தால் எந்த மேலாளர் பொறுப்பார்? ஐப்பசி அடைமழையில் காயவே காயாது. வாசலுக்கும் கீழ்த்தளத்துக்கும் வைப்பர், மேலே மட்டும் கம்பு என்று அட்வான்ஸ் வாங்கும்போதே பேசிவிடுகிறேன்.

மயிலாடுதுறை

நான் இந்தத் தொழிலில் இல்லை, வேலை கொடுக்கும் பக்கம். மகள் பிரசவத்துக்கு வந்து மாடி அறையில் இருந்தாள். வழக்கமாக வரும் தம்பி போனில், "அக்கா, இனிமேல் ஏணி போட மாட்டேன், கீழேயிருந்தே செய்துவிடுவேன்" என்றார். வேறு எதையும் நான் கேட்கவில்லை. மாடி ஜன்னலில் திடீரென்று ஓர் ஆண் முகம் தெரியாது என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. தண்ணீர் சுத்தம், உப்பு, மீட்டர் என்று நீங்கள் எழுதுவதை எல்லாம் இப்போதுதான் படிக்கிறேன். பெண்கள் இருக்கும் வீட்டில் முதலில் இதைச் சொல்லுங்கள். கொசுவலையைக் கழற்றச் சொல்வதையும் மறக்காதீர்கள். ஒரு முறை வலையில் ஊறிய தூசி அப்படியே கண்ணாடியில் இறங்கிவிட்டது.

தஞ்சாவூர்

அக்கா சொன்னது எங்கள் யாருக்கும் தோன்றாதது. ஏணியில் ஏறுவது எங்களுக்கு ஆபத்து என்று எங்கள் பக்கத்தையே சொல்லிக்கொண்டிருந்தோம்.

திருவாரூர்

என்னிடம் ஒருவர் கோபித்துக்கொண்டார், நியாயமான கோபம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் கடைமடையில் நிலம் வைத்திருப்பவர். "மேட்டூரில் தண்ணீர் திறந்து எங்கள் வாய்க்காலுக்கு வருவதற்குள் நாற்று காய்கிறது, நீ ஜன்னலுக்குத் தண்ணீரைப் பாய்ச்சுகிறாயா?" என்றார். பிரஷில் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு லிட்டர்தான் வரும் என்று வாளியைப் பிடித்துக் காட்டினேன். அத்துடன் விடவில்லை. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டார். ஒரு லிட்டர் எடுக்க இரண்டு மூன்று லிட்டர் கழிகிறது என்பது உண்மைதான். அதைத் தனித் தொட்டியில் பிடித்து வண்டி கழுவவும் கழிவறைக்கும் பயன்படுத்துகிறோம் என்றேன். வந்து பார்க்கிறேன் என்றார். வந்து பார்த்தார். இப்போது பொங்கலுக்கு முன்பு அவரே நினைவுபடுத்திக் கூப்பிடுகிறார். டெல்டாவில் இந்தத் தொழில் செய்பவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றில்லாவிட்டால் நாளை யாராவது கேட்பார்கள்.

ஒரத்தநாடு

அரிசி ஆலைகளுக்குப் பக்கத்து வீடுகளுக்குப் போகிறேன். கொதிகலனில் உமி எரித்த கரிச்சாம்பல் காற்றில் வந்து ஜன்னலில் உட்காருகிறது. உமிச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா, மணலில் இருக்கும் அதே பொருள். துணி போட்டுத் தேய்த்தால் உப்புத்தாள் போட்டதுபோல் ஆகிவிடும். விபூதியும் பழைய செய்தித்தாளும் வைத்துக் கண்ணாடியைப் பளபளக்க வைத்த வீட்டார், இந்தச் சாம்பலையும் அதே மாதிரி நினைத்துத் தேய்த்துவிடுகிறார்கள். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நிற்க வைத்து, பழைய கீறல்களைக் காட்டுகிறேன். அதற்கு மேல் பேச வேண்டியிருப்பதில்லை.

எதிர்பார்ப்பையும் அளந்து கொடுக்க வேண்டும். மேல்தொட்டி வழிந்து வழிந்து ஏறிய வெள்ளைக் கோடு, கட்டடம் கட்டியபோது தெறித்த சிமெண்டு, பெயின்ட் துளி, இவை எதுவும் கம்புக்குப் போகாது. சோப்பு போட்டே பழகிய ஜன்னலில் முதல் ஒன்றிரண்டு தடவை ஓரத்தில் கோடு தெரியலாம். ரப்பர் இடுக்கில் தங்கிய சோப்பு வெளியே வருகிறது. இதை முன்னால் சொன்னால் விளக்கம், பின்னால் சொன்னால் சாக்கு.

கும்பகோணம்

நான் அனுப்பும் செய்தியைக் கேட்டு இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இதுதான்:

"வணக்கம். அடுத்த முறையிலிருந்து வெளிப்பக்கக் கண்ணாடியை ஏணி இல்லாமல், உப்பு நீக்கிய தண்ணீரில் கீழேயிருந்தே கழுவுகிறோம். சோப்பு கிடையாது. நாங்கள் கிளம்பும்போது கண்ணாடி ஈரமாக இருக்கும்; துடைக்க வேண்டாம். காய்ந்த பிறகு கறை தெரிந்தால் அன்றே சொல்லுங்கள், வந்து சரிசெய்து தருகிறோம். ஜன்னல்களைச் சாத்தி, கொசுவலையைக் கழற்றி வைக்கவும். உள்பக்கம் பழைய முறையில்தான். கட்டணம் மாறவில்லை."

வெளிநாட்டில் இருப்பவருக்கு எழுத்தாக, வீட்டில் இருக்கும் பெரியவருக்குக் குரல் பதிவாக. பெரியவர்கள் நீளமான செய்தியைப் படிப்பதில்லை, குரலைக் கேட்கிறார்கள்.

பட்டுக்கோட்டை

ஒரு சந்தேகம். எங்கள் தெருவில் மின்கம்பி மாடி ஜன்னலை ஒட்டிப் போகிறது. அந்தப் பக்கத்தை மட்டும் விட்டால் வீட்டார், "மூன்று பக்கம் புது முறை, ஒரு பக்கத்துக்கு என்ன கேடு?" என்கிறார்கள். ஃபைபர் கம்பு வாங்கினால் போதுமா?

தஞ்சாவூர்

போதாது தம்பி. கார்பன் ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தும். கிளாஸ் ஃபைபர் கடத்தாது என்றாலும் அதன்மேல் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும்போது நம்பக் கூடாது. நான் வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே வீட்டைச் சுற்றி வந்து, கம்பி போகும் பக்கத்தை வீட்டாரிடம் கைகாட்டிச் சொல்லிவிடுவேன்: அந்தப் பக்கத்து ஜன்னல்கள் வீட்டுக்குள்ளிருந்து எட்டும் வரைதான், எட்டாததற்குக் காசு வாங்குவதில்லை. ஒருவரும் மறுத்ததில்லை. கம்பை நீட்டிய பிறகு கம்பியைப் பார்த்துப் பின்வாங்கினால்தான் பேரம் தொடங்கும்.