2ஜேஇசட்டா, ஆர்பி26-ஆ? இன்ஜினைப் பிரித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்க

குழுவில் இருக்கும் மெக்கானிக் அண்ணன்களுக்கு வணக்கம். தண்டையார்பேட்டையில் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் கொஞ்ச நாளாக இதே பஞ்சாயத்துதான்: டியூனிங்குக்கு, அதாவது பவரைக் கூட்டுவதற்கு, அதிகம் தாங்குவது டொயோட்டா சுப்ரா காரின் 2ஜேஇசட்-ஜிடிஇ இன்ஜினா, நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரின் ஆர்பி26டிஇடிடி இன்ஜினா?

இரண்டுமே வார்ப்பிரும்பு பிளாக், நேர்வரிசையில் 6 சிலிண்டர், இரட்டை டர்போ. ஜப்பானில் இரண்டுக்கும் 280 குதிரைத்திறன் என்றுதான் எழுதினார்கள். அது கம்பெனிகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட வரம்பு, அதை வைத்து வாதாட வேண்டாம்.

என் கட்சி சுப்ரா. 3 லிட்டர், போர் (சிலிண்டரின் விட்டம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) இரண்டும் 86 மி.மீ. ஆர்பி26-இல் போர் அதே 86, ஸ்ட்ரோக் 73.7தான். ஆர்பிஎம் ஏற ஏறத் துள்ளும், ஆனால் குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை குறைவு. ஆரம்பகால ஆர்32-இல் (ஸ்கைலைன் ஜிடி-ஆரின் பழைய மாடல்) ஆயில் பம்ப் தலைவலி வேறு: கிராங்க் அதைப் பிடித்துச் சுற்றும் இடம் ரொம்பக் குறுகல், ரெவ் லிமிட்டரில் (இன்ஜின் வேகத்தின் உச்ச வரம்பில்) அடித்துக்கொண்டே இருந்தால் பம்ப் கியர் உடையும். அந்தக் காலத்தில் சென்னை பக்கம் சோழவரத்தில் நடந்த கார் ரேஸ் பார்த்த பெரியவர் ஒருவர் மட்டும் 'ஓட்டத் தெரியாதவனுக்கு எதுக்குடா பவர்' என்கிறார், அவரை விடுங்கள்.

துபாய், மஸ்கட் பக்கம் இவற்றைக் கழற்றி மாட்டியவர்கள் யாராவது சொல்லுங்கள். ஒரிஜினல் பிஸ்டன், ராடை மாற்றாமல் எவ்வளவு பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) வரை ஓட்டினீர்கள்? முதலில் போனது எது? டைனோ ஷீட் (இன்ஜின் பவரை அளந்த தாள்) இருந்தால் படம் போடுங்கள். யூடியூப் லிங்க் மட்டும் வேண்டாம், எல்லாம் பார்த்தாச்சு.